கொட்டினவங்க அள்ளட்டும்

புருஷன் விரிப்பான், பெண்டாட்டி சுருட்டுவாள் என்று அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. சொல்கிறவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொல்வார்கள். அவர் டிராக்டர் வைத்திருந்தார். டிராக்டரின் பின்னால் இரும்புச் சட்டமும் உருளையும் மாட்டி, மேட்டுப்பாத்தி பிடித்து, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் கொடுப்பது அவர் தொழில். மிளகாயோ தக்காளியோ தர்பூசணியோ, களை முளைக்காமலும் ஈரம் காயாமலும் இருக்க அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஷீட்தான். மேல்பக்கம் வெள்ளி, அடிப்பக்கம் கறுப்பு. பயிர் முடிந்ததும் அதை மண்ணிலிருந்து உருவி எடுக்க வேண்டும். அந்த வேலையை எடுத்துச் செய்தது அவர் மனைவி. பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவாள். அவளை எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். வீட்டில் அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கேலியைக் கேட்டு டிராக்டர்காரர் சிரிப்பார். யார் முகத்தையும் முறிக்கத் தெரியாத மனுஷன். வேலை கேட்டு இரண்டு பேர் ஒரே நாளில் வந்தால் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். மேஸ்திரி வேறு மாதிரி. அவள் வாயிலிருந்து சரி என்ற சொல் வருவதற்குள் கேட்டவனுக்கு வியர்த்துவிடும்.

ஷீட் எடுக்கிற வேலையைப் பார்த்திராதவர்களுக்கு அது கொடியில் காயும் துணியை உருவுகிற மாதிரித் தோன்றும். முதலில் காய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கிப் போட வேண்டும். ஷீட்டுக்கு அடியில் ஓடும் சொட்டுநீர்க் குழாயை மடியாமல் சுருட்ட வேண்டும். பாத்தியின் இரண்டு ஓரத்திலும் ஷீட்டை அமுக்கிக்கொண்டிருக்கும் மண்ணை மண்வெட்டியால் தளர்த்த வேண்டும். அப்புறம்தான் ஒருத்தி முனையைப் பிடித்துப் பின்னால் நடக்க, மற்றவர்கள் குனிந்த முதுகோடு கூடவே நகர்வார்கள். வெயிலில் வெள்ளிப் பக்கம் முகத்தில் அடிக்கும். புரட்டினால் கறுப்புப் பக்கத்தில் தேள் இருக்கும், நத்தை இருக்கும், பயிருக்கு அடித்த மருந்தெல்லாம் வழிந்து காய்ந்த பிசுக்கு இருக்கும். சாயங்காலம் எத்தனை தடவை கை கழுவினாலும் சோற்றில் அந்த வாடை வரும்.

ஆரம்பத்தில் ஷீட் தடியாக இருந்தது. பாய் சுருட்டுகிற மாதிரி முழுசாக வந்துவிடும். பழைய இரும்புக்கடைக்காரர் லாரி கொண்டுவந்து எடுத்துப் போவார். பிறகு கடைகளில் மெலிசான ஷீட் வந்தது. விலை குறைவு, ஒரு சுருளில் நீளம் அதிகம். டிராக்டர்காரருக்கும் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பயிர்க்காலம் வெயில் தின்றபின் அதைத் தொட்டால், விரலிடுக்கில் துணுக்காகக் கிழிந்து வரும், பாத்தியை விட்டு வராது. பெண்கள் பாத்தி நெடுக உட்கார்ந்து நகத்தால் கிள்ளி எடுத்தார்கள். கிள்ள முடியாதது மண்ணுக்குள் போனது. கூட்டத்தில் குட்டை என்று ஒருத்தி, வாய் மட்டும் ஆறடி நீளம். சரியாக வேகாத முட்டையை உரிக்கச் சொல்லிவிட்டு ஓடு ஒட்டாமல் கொடு என்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, மேஸ்திரிகூட முதுகை நிமிர்த்திச் சிரித்தாள்.

அந்த வருஷம் இரும்புக்கடைக்காரரின் லாரி வந்த வழியே திரும்பிப் போனது. உருக்குகிற ஆலையில் இந்தச் சரக்கு வேண்டாம் என்கிறார்களாம். எடை போட்டால் பாதிக்கு மேல் மண், கழுவினால் கையோடு கிழிகிறது, உருக்கினால் கருகுகிறது. தடி ஷீட் இருந்தால் கூப்பிடுங்கள், இதைத் தொட மாட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். எடுத்த ஷீட்டெல்லாம் வாய்க்கால் கரையில் குவிந்தது. காற்றடித்தால் கிழிசல்கள் பறந்து மரங்களில் தொங்கின. மழை வந்தால் மதகில் போய் அடைத்துக்கொண்டன.

தோட்டக்காரர்களில் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். சாலைக்கு இரண்டு பக்கமும் அவர் மிளகாய்தான். மிளகாய்க்காரர் என்றே பெயர். அவர் எங்கே தலையாட்டுகிறாரோ அங்கே மற்ற தோட்டக்காரர்களும் ஆட்டுவார்கள். யாருடைய டிராக்டர் எந்தத் தோட்டத்தில் இறங்கும் என்பதும் அவர் தலையில்தான் இருந்தது. அவர் ஆட்களை விட்டுக் கரைக் குவியலைக் கொளுத்தச் சொன்னார். கறுப்புப் புகை இரண்டு நாள் ஊரைவிட்டுப் போகவில்லை. மேஸ்திரியின் கூட்டத்தில் மூத்தவளான பெரியக்காவுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும். அவளை மருத்துவமனையில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. யாரோ புகார் கொடுத்து, அதிகாரி வந்து பார்த்து, இனிமேல் கொளுத்தினால் அபராதம், அதற்கு மேலும் வரும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். கொளுத்தக் கூடாது என்று சொன்னவர் வேறு என்ன செய்வது என்று சொல்லவில்லை.

மேஸ்திரிக்கு அம்மா வழியில் வந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. ஊருக்குக் கடைசியில், தாழ்வாக. ஒரு காலத்தில் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், மற்ற நாட்களில் முள் முளைக்கும். அவள் அதை விடவில்லை. குளம் தூர்வாரியபோது வண்டல் கேட்டு வாங்கி அடித்தாள். வேலையில்லாத நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் முள் வெட்டினாள். ஒரு ஓரத்தைச் சமன்படுத்தி ஒரு தடவை பயறு விதைத்துப் பார்த்ததில் காய் பிடித்தது. இந்த வருஷம் முழுதும் சமன்படுத்தி உழுதுவிடலாம், ஒரு நாள் டிராக்டர் விடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தாள். அவர் அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்து பெண்கள் மேட்டுப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் மேஸ்திரியின் நிலம் பளபளவென்று மின்னியது. மழையே இல்லையே, தண்ணீர் எங்கிருந்து வந்தது, வாய்க்கால் உடைந்துவிட்டதா என்று அவள் பயந்தாள். கிட்டே போகப் போக அது தண்ணீர் இல்லை என்று தெரிந்தது. பள்ளம் நிறைய ஷீட். மண்ணும் வேரும் குழாய்த் துண்டுமாகப் பந்து பந்தாகக் கிடந்தது. வண்டல் அடித்த ஓரமும் மூடிப்போயிருந்தது. நடுவில் ஒரு டிரெய்லர் தொட்டியைத் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. இழுத்துவந்த டிராக்டரில் உட்கார்ந்திருந்தது அவள் வீட்டுக்காரர்.

அவளைப் பார்த்ததும் அவர் இன்ஜினை நிறுத்தவில்லை. சத்தம் இருக்கும்வரை பேச வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவளே ஏறிச் சாவியைத் திருகினாள்.

"யாரு கொட்டச் சொன்னது?"

"மண்ணு போட்டு மூடிடலாம்னு சொல்றாங்க. மூடிட்டா நிலமும் மேடாயிடும். தண்ணி நிக்காது. நீ வீட்டுக்குப் போ, பேசிக்கலாம்."

"யாரு சொன்னதுன்னு கேட்டேன்."

"மிளகாய்க்காரர்தான். முடியாதுன்னா இந்த வருஷம் விரிக்கிற வேலைய வேற வண்டிக்குக் குடுத்துடுவேன்னாரு. நான் என்ன பண்ண?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

"அது தெரிஞ்சுதானே கேக்காம கொட்டுன. நீ இறங்கு."

கட்டிவந்த நாளிலிருந்து அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை. பின்னால் நின்ற பெண்கள் திரும்பி வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் இறங்கினார். இறங்கி என்ன செய்வது என்று தெரியாமல் டயரில் ஒட்டிய மண்ணைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி குவியலில் ஏறிப் போய், தன் வண்டல் எங்கே இருக்கிறது என்று கைகளால் விலக்கிப் பார்த்தாள். முழங்கை ஆழம் விலக்கியும் ஷீட்தான் வந்தது.

அன்று வீட்டில் அவள் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. அடுப்பு மூட்டிச் சோறு வடித்தாள். அவருக்கும் மகளுக்கும் பரிமாறி, தானும் நன்றாகவே சாப்பிட்டாள். அதுதான் டிராக்டர்காரருக்குப் பயமாக இருந்தது. அவர் டிராக்டருக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணையைப் பற்றிச் சொன்னார், ஊரோடு ஒத்துவாழ வேண்டியதைப் பற்றிச் சொன்னார். மகள் சாப்பிட்டு முடித்தாள். அவள் நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறவள், அப்பா செல்லம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் சொன்னாள், "இதுல நீங்க பண்ணது தப்புதான்ப்பா." அவர் எழுந்து கை கழுவப் போனார்.

காலையில் பெண்கள் வழக்கம்போல் பம்புசெட் அறைப் பக்கம் கூடினார்கள். மிளகாய்க்காரர் தோட்டத்தில் பாதிதான் எடுத்திருந்தார்கள். மீதியை எடுத்தால்தான் அவர் அடுத்த பாத்தி பிடித்துத் தர்பூசணி போட முடியும். நாற்று தயாராக நின்றது. பருவம் தவறினால் காய் சந்தைக்குப் போகும்போது விலை இருக்காது. இதெல்லாம் அந்தப் பெண்களுக்கும் தெரியும். மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். நான் இனிமேல் மெலிசு ஷீட் எடுக்க மாட்டேன், என் நிலத்தில் கொட்டினதை அவர்கள் அள்ளுகிறவரை தடி ஷீட்டும் எடுக்க மாட்டேன், வேலைக்குப் போகிறவர்கள் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றாள்.

மருத்துவமனையிலிருந்து வந்து இன்னும் முழுசாகத் தேறாத பெரியக்காதான் கேட்டாள்.

"எடுக்காம விட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?"

மேஸ்திரி தன் மகள் மூலம் தெரிந்துகொண்டதைச் சொன்னாள். நாற்றுப்பண்ணையில் மக்காச்சோள மாவிலிருந்து செய்கிற ஒரு ஷீட் வந்திருக்கிறது. பயிர் முடிந்ததும் எடுக்கவே வேண்டாம், அப்படியே உழுதுவிட்டால் மண்ணோடு மக்கிப்போகும். மக்கும் என்று சொல்லி வெறுமனே தூள் தூளாக உதிர்கிற ஏமாற்றுச் சரக்கும் உண்டு. அதனால் பண்ணைக்காரர் ஒரு துண்டை எருக்குழியில் புதைத்துவைத்துப் பார்த்திருக்கிறார், தோண்டினபோது ஒரு துணுக்குகூட இல்லையாம். தர்பூசணி மாதிரிச் சீக்கிரம் முடிகிற பயிருக்கு அதைப் போடட்டும். மிளகாய் மாதிரி நாள் பிடிக்கிற பயிருக்குத் தடி ஷீட் போடட்டும், அதை முழுசாகச் சுருட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்கலாம். மெலிசு மட்டும் வேண்டாம்.

பெரியக்கா யோசித்தாள்.

"எடுக்கவே வேண்டாம்னா நம்மள எதுக்குக் கூப்பிடுவான்? நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கறோம் பாத்துக்க."

"மண்ணாவது போகட்டும்க்கா. இப்பப் பிளாஸ்டிக்கைல்ல போட்டுக்கறோம்."

குட்டை சிரித்தாள். பெரியக்கா சிரிக்கவில்லை. மேஸ்திரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாதி வேலை போகும்தான்க்கா. போகாதுன்னு உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நாம கிள்ளிக் கிள்ளி எடுக்கறோம்ல, எடுத்தத எங்க கொண்டுபோய் வச்சாங்க? கரையில வச்சாங்க, கொளுத்துனாங்க, உங்க நெஞ்சுக்குள்ள போச்சு. இப்ப என் நிலத்துல கெடக்குது. நாம சுத்தம் பண்ணல. ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு மாத்தி வைக்கிறோம். அதுக்குக் கூலி."

பெரியக்கா இருமி முடித்துவிட்டு, சரி, நானும் வரவில்லை என்றாள். அவள் சொன்னபின் மற்றவர்கள் தயங்கவில்லை.

முதல் இரண்டு நாள் மிளகாய்க்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். பசித்தால் தானாக வருவார்கள் என்றார். பிறகு வெளியூரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்தார். அவர்கள் இளவட்டப் பையன்கள். நின்றவாக்கில் ஷீட்டைப் பிடித்து இழுத்தார்கள். கையில் வந்ததை எடுத்துக்கொண்டு வராததை விட்டுவிட்டார்கள். வெயில் ஏறியதும் அரிக்கிறது என்று வேனில் ஏறிப் போய்விட்டார்கள். ஊர்ப் பெண்கள் வேலையில்லாமல் இருந்த அந்த நாட்கள் சுகமானவை இல்லை. கடையில் கடன் சொல்லும்போது கடைக்காரன் முகம் மாறியது. குட்டையின் வீட்டுக்காரன் அவள்மேல் கையை ஓங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு, மேஸ்திரி நேரே அந்த வீட்டு வாசலில் போய் நின்று, ஓங்கின கையைக் கொஞ்சம் காட்டு பார்க்கலாம் என்றாள். அவன் காட்டவில்லை.

நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று மிளகாய்க்காரர், இருக்கிற ஷீட்டோடு சேர்த்து உழுதுவிடச் சொல்லி டிராக்டர்காரரைக் கூப்பிட்டார். சுழல்கத்தி ரோட்டவேட்டர் போட்டு இரண்டு சால் அடித்தால் தூளாகிவிடும் என்றார். டிராக்டர்காரர் அப்போதும் சரி என்றார்.

இரண்டாவது சாலில் ரோட்டவேட்டர் முனகியது. அவர் இறங்கிப் பார்த்தார். கத்திகளின் நடுவே இருந்த தண்டில் ஷீட் கயிறாகத் திரிந்து சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியால் அறுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி சுற்றியது. மூன்றாவது தடவை சூட்டில் உருகி இறுகி, தண்டோடு ஒட்டிப்போய், உள்ளே சீல் வெடித்து எண்ணெய் ஒழுகியது. டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து அறுத்துக்கொண்டிருந்தபோது கத்தி வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. வரப்பில் நின்றிருந்த மிளகாய்க்காரர், நாற்று காத்திருக்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்றார். செலவைப் பற்றிக் கேட்டதற்கு, வண்டி உன்னுடையது, தேய்மானமும் உன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிராக்டர்காரர் வீட்டுக்கு வந்தபோது மகள் கையைக் கழுவிக் கட்டுப்போட்டாள். மேஸ்திரி தண்ணீர் ஊற்றினாள். கட்டின கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வாசலைப் பார்த்து இவ்வளவுதான் சொன்னார்.

"என்னாலயே அறுக்க முடியல. நீங்க எல்லாம் நகத்துலயா கிள்ளுறீங்க?"

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி பெண்களைக் கூட்டிக்கொண்டு தன் நிலத்துக்குப் போனாள். கொட்டினவர்கள் அள்ளட்டும் என்று காத்திருந்தது போதும், நாமே அள்ளிக் கொடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. எதில் ஏற்றுவது என்று அவள் சொல்லவில்லை. குட்டை கேட்டதற்கு, தலையில் சுமக்க மாட்டாயா என்றாள். கோணியை விரித்துக் கட்டத் தொடங்கினார்கள். வெயில் வருவதற்குள் பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிராக்டர்காரர் ரோட்டவேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, பள்ளத்துக்குள் பின்பக்கமாக இறக்கினார். பெண்கள் ஏற்றினார்கள். மேஸ்திரி கடைசியாக ஏறி டிராக்டரின் மட்காட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மிளகாய்க்காரரின் வாசலில் மிளகாய் தரம்பிரிக்கும் பெரிய கொட்டகை இருந்தது. வண்டி அதன் முன்னால் தொட்டியைத் தூக்கிக் கொட்டியது. சத்தம் கேட்டு அவர் பல் துலக்கிக்கொண்டிருந்த நுரை வாயோடு வந்தார். வேலையாட்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சாலையில் வண்டியை நிறுத்தினார்கள்.

"என்னம்மா இது? என் வாசல்லயே கொண்டாந்து கொட்டுற?"

"உங்க சாமான்தாங்க. ஊர்ச்சாமான் எங்க நிலத்துல எதுக்கு?"

"எல்லாம் என்னோடதா? எத்தனை பேரு தோட்டத்து ஷீட்டு இதுல இருக்கு தெரியுமா?"

"தெரியும். நாங்கதானே எடுத்தோம். யாரோடது எதுன்னு பிரிச்சுக் குடுங்கன்னா பிரிச்சுத் தர்றோம். அதுக்குக் கூலி பேசுங்க."

சாலையில் நின்றவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். தன் ஷீட்டும் அதில் இருப்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மிளகாய்க்காரர் டிராக்டர்காரரைப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வையே போதும்.

"உனக்கு இந்த ஊர்ல பொழப்பு வேணுமா, வேணாமா?"

டிராக்டர்காரர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேணுங்க. இன்னும் நாலு லோடு இருக்கு, கொட்டிட்டு வந்து பேசறேன்" என்றார். வேண்டுமென்றே சொன்னாரா, பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாரா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி.

நான்கு லோடும் வந்து இறங்கியது. கொட்டகை வாசல் மறைந்துபோனது. மிளகாய் மூட்டை ஏற்ற வந்த லாரி உள்ளே நுழைய முடியாமல் சாலையிலேயே நின்றது. மத்தியானத்துக்குள் மற்ற தோட்டக்காரர்கள் வந்து மிளகாய்க்காரரோடு உள்ளே உட்கார்ந்து பேசினார்கள். பெண்கள் வெளியே நிழலில் கொண்டுவந்த சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். உள்ளே கூப்பிட்டபோது மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டுதான் போனாள்.

பேச்சு நீண்டது. மிளகாய்க்குத் தடி ஷீட் போடுவதை ஒத்துக்கொண்டார்கள். மக்குகிற ஷீட் விலை அதிகம், அது என்ன லட்சணமோ யார் கண்டது என்றார்கள். நாற்றுப்பண்ணைக்காரர் ஒரு பங்கு விலையைத் தாமே ஏற்பதாகச் சொல்லியிருப்பதை மேஸ்திரி எடுத்துச் சொன்னாள். கடைசியில் தர்பூசணிக்கு ஒரு ஓரமாக அரை ஏக்கரில் போட்டுப் பார்க்கலாம் என்று முடிந்தது. தோட்டத்தில் மீதியிருந்த மெலிசைப் பெண்கள் கடைசித் தடவையாக எடுத்துக் கொடுத்தார்கள். குவியலைத் தோட்டக்காரர்களே செலவு போட்டு, குப்பை எரித்துச் சிமெண்ட் சுடுகிற ஆலைக்கு லாரியில் அனுப்பினார்கள். அப்படி ஒரு வழி இருப்பது முன்பே அவர்களில் சிலருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எழுந்திருக்கும்போது மிளகாய்க்காரர் கேட்டார்:

"அது மக்கிடுச்சுன்னா உன் கூட்டத்துக்கு வேலை இருக்காது. யோசிச்சியா?"

"யோசிச்சுட்டோம். நாங்க வேற வேலைக்குப் போவோம். மண்ணு எங்க போகும்?"

புது ஷீட் டிராக்டர்காரரைப் படாதபாடு படுத்தியது. பழையதைப் போல இழுத்துக் கட்டினால் பட்டென்று கிழிந்தது. உருளையைத் தளர்த்தினால் சுருங்கியது. முதல் பாத்தியிலேயே நாலு இடம் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. இதற்கு வெங்காயத் தோலே தேவலை என்று திட்டிக்கொண்டே, சட்டத்தை மாற்றிப் பூட்டி, ஆமை வேகத்தில் ஓட்டி, ஒருவழியாக விரித்து முடித்தார். காய் பருக்கும் சமயம் வெயிலில் ஓரங்கள் பிளந்தன. பிளவில் களை எட்டிப்பார்த்தது. பார்த்தாயா, இதுதான் உன் மக்குகிற ஷீட் என்று தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். களை பறிக்க ஆள் வேண்டியிருந்தது. மேஸ்திரியின் கூட்டத்தைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இதைப் போய் வேலை போகும் என்று சொன்னாயே என்று பெரியக்கா வரப்பில் நின்று மேஸ்திரியைக் கேலி செய்தாள். விளைச்சலில் அந்த அரை ஏக்கருக்கும் மற்றதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அறுவடை முடிந்ததும் கொடியோடு உழுதார்கள். ரோட்டவேட்டர் தடங்கலில்லாமல் ஓடியது.

மழை பெய்து ஓய்ந்தபின் மிளகாய்க்காரரே மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த ஓரத்தில் நிற்கவைத்தார். காலால் மண்ணைக் கிளறி, தபால்தலை அளவில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் காட்டினார். மக்கவில்லையே என்றார். அவள் அதை வாங்கி விரல்களால் தேய்த்தாள். நனைந்த சாம்பல் போல் நசுங்கியது, முழுசாகக் கரையவில்லை. இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்று ஒத்துக்கொண்டாள். அப்புறம் நாலடி தள்ளி, முன்பு மெலிசு ஷீட் போட்டிருந்த பாத்தியில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். அதில் வெள்ளித் துணுக்குகள் மின்னின. அவர் கையில் வைத்தாள்.

"இதுக்கு எத்தனை நாள் பிடிக்கும்னு நீங்க சொல்லுங்க."

அவர் கையை உதறிக்கொண்டு போனார்.

அவள் நிலமும் அப்படித்தான் இருந்தது. குவியலை அள்ளியாயிற்றே தவிர, துணுக்குகள் வண்டலோடு கலந்துவிட்டன. ஓய்ந்த நாட்களில் கூடையோடு போய் உட்கார்ந்து பொறுக்கினாள். மகள் வந்தாள். கூப்பிடாமலே டிராக்டர்காரரும் வந்தார். பெண்கள் உட்காருவது போல் குந்தி உட்கார அவருக்கு வரவில்லை, முட்டி போட்டுப் பொறுக்கினார். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. இதோடு இருக்கட்டும் என்று அவர் ஒரு நாள் சொன்னதற்கு, நான் இருக்கிறவரை பொறுக்குவேன் என்றாள். பொறுக்கி முடித்த ஓரத்தில் பயறு விதைத்தாள்.

அடுத்த பருவம் வந்தது. தக்காளிக்குப் பாத்தி பிடிக்கச் சொல்லி மிளகாய்க்காரர் ஆள் அனுப்பினார். டிராக்டர்காரர் விடிகாலையில் போனார். வரப்பில் சுருள்கள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கி உருளையில் மாட்டப் போனவர், அதன் முனையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் அந்தப்பக்கம் தெரிந்தது. கடையில் மலிவாகக் கிடைத்தது, இந்த ஒரு தடவை மட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் மிளகாய்க்காரர். டிராக்டர்காரர் சுருளைத் திரும்ப அடுக்கிலேயே வைத்தார். சட்டத்தைத் தூக்கிப் பூட்டினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த நேரத்தில் அவர் வந்து நின்றதைப் பார்த்து மேஸ்திரி பயந்துபோய் வண்டி பழுதா என்று கேட்டாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. வாழ்நாளில் ஒருவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"மெலிசு வச்சிருந்தாரு. விரிக்க மாட்டேன்னுட்டேன்."

அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"நீ இல்லன்னா வேற டிராக்டர் வரும்னாரு. ஆள் விட்டுட்டாரு. நாளைக்கே வந்துடுவானாம்."

மேஸ்திரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வரட்டும். அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பால்ல. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."